மினமாற்றா: கம்பனியின் குற்றமும் தலைவர்தம் பொறுப்பும்

சட்டம் இருவகை ஆட்களை அறியும். தாய் வயிற்றிற் பிறந்து, உண்டும் உறங்கியும் நோயுற்றும் மாயும் இயற்கையாள் ஒருவன். பதிவாளர் கந்தோரில் ஒரு பத்திரத்தாற் தோன்றி, உண்ணாதும் உறங்காதும் நெடுங்காலம் வாழவல்ல செயற்கையாள் மற்றொருவன். இப்பின்னையவனையே உலகம் கம்பனி என்று வழங்குகின்றது. பங்கு வாங்கியவன் தான் இட்ட முதலுக்கு மேலாகக் கம்பனியின் கடனுக்குப் பிணையாகான் என்னும் வரையறுத்த பொறுப்பு 1855 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றத்தாற் பொதுவிதியாக்கப்பட்டது. 1896 ஆம் ஆண்டில் சலமன் என்னும் சப்பாத்து உற்பத்தியாளர் ஒருவரின் வழக்கிற் பிரபுக்கள் சபை இதனை மேலும் உறுதிப்படுத்திற்று. பங்குகள் ஏறத்தாழ முழுவதும் ஒருவன் கையிலேயே இருப்பினும், கம்பனி வேறு, அவன் வேறு என்பது அத்தீர்ப்பின் சாரம். இக்கோட்பாடு இல்லையாயின் புகையிரதப் பாதைகளும் பேராலைகளும் எழுதற்கு வேண்டிய முதல் ஓரிடத்துத் திரண்டிராது என்பதில் ஐயமில்லை.

கடனைப் பொறுத்தவரை நன்றாய் இயங்கும் இக்கோட்பாடு, உயிர்க்கேடு நேருமிடத்து இடர்ப்படுகின்றது. உதைப்பதற்கு உடலும் நரகிற்கு அனுப்புவதற்கு ஆன்மாவும் இல்லாத கம்பனியிடம் மனச்சாட்சியை எதிர்பார்ப்பது எங்ஙனம் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபு ஒருவர் வினாவியதாக ஒரு வழக்குண்டு. பசுக்கன்றைத் தேர்க்காலிலே கொன்ற மைந்தனை முறைசெய்த சோழனின் கதையைப் பெரியபுராணம் திருவாரூர்க்கு உரியதாகக் கூறும். மகாவமிசம் அதனையே அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் மீது ஏற்றிக் கூறும். இரண்டிடத்தும் குற்றவாளி தேரில் ஏறிச்சென்றவனேயன்றித் தேரன்று. இக்காலத்து நீதிமன்றங்களிலோ ஏறியவன் எவனென்ற வினா எழுமுன்னரே தேருக்குத் தண்டம் விதித்து வழக்கை முடிக்கும் வழக்கம் பெரிதும் பரவியுள்ளது. தேருக்கு விதித்த தண்டம் இறுதியில் யாரைச் சேர்கின்றது, ஏறியவனைத் தேடிச் செல்லும்போது என்ன தடைகள் எதிர்ப்படுகின்றன என்பவற்றை அறிதற்கு யப்பான் தேசத்து மினமாற்றா நகரின் வரலாற்றினுஞ் சிறந்த சான்று கிடைத்தலரிது.

கியூசுத் தீவிலே, குமமோற்றோ மாகாணத்தில், தீவுகளாற் சூழப்பட்டு அலையடங்கிய கடலொன்றின் கரையில் மினமாற்றா அமைந்துள்ளது. மீன்பிடியும் உப்பு விளைவித்தலும் அவ்வூரார்க்குப் பண்டைத் தொழில்கள். 1908 ஆம் ஆண்டில் அங்கே ஓர் இரசாயன ஆலை நிறுவப்பட்டது. பின்னர்ச் சிசோ என்று பெயர்பெற்ற அக்கம்பனி பசளையிற் தொடங்கி, 1932 ஆம் ஆண்டு முதல் அசற்றல்டிகைட்டு என்னும் பொருளையும் ஆக்கத் தலைப்பட்டது. போருக்குப் பின்னர்ப் பிளாத்திக்குத் தொழில் வளரவே அப்பொருளின் தேவையும் பெருகிற்று. ஊராரிற் பலர் ஆலையிற் கூலி பெற்றனர். கடைக்காரர் அக்கூலியாற் பிழைத்தனர். நகரின் வரி வருவாயில் ஆலைவழி வந்ததே பெரும்பங்கு. அசற்றல்டிகைட்டை ஆக்கும் முறையை வகுத்தவருள் ஒருவரும் ஆலையின் முகாமையாளராய் இருந்தவருமாகிய ஒருவரே 1950 ஆம் ஆண்டில் நகரபிதாவாகவுந் தெரிவுசெய்யப்பட்டார் என்றால், ஆலைக்கும் ஊருக்கும் இருந்த பிணிப்பு வேறு விளக்கம் வேண்டாதது. ஆலையைக் குறைகூறுதல் ஊரின் சோற்றிலே மண்ணிடுதலாகக் கருதப்பட்டது. நோயுற்றோரை அயலாரே வெறுத்தொதுக்கியமைக்குத் தொற்றுநோயென்ற அச்சம் பாதிக் காரணம்; இப்பிணிப்பு மற்றப் பாதி.

அசற்றல்டிகைட்டை ஆக்குதற்கு இரசத்தின் சல்பேற்று ஊக்கியாகப் பயன்பட்டது. தாக்கத்தின்போது அவ்விரசத்தில் ஒரு சிறுபகுதி மெதயில் இரசம் என்னும் சேதனச் சேர்வையாக மாறும். 1951 ஆம் ஆண்டில் ஊக்கியோடு சேர்த்த துணைப்பொருளை ஆலையார் மாற்றியபின் இச்சேர்வை முன்னையினும் மிகுதியாக உண்டாயிற்று. கழிவுநீர் குடாவிற் கலந்தது. நீரிலுள்ள நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்லுந்தோறும் நஞ்சு செறிவுற்றது. நாடோறும் மூன்று வேளையும் மீனையே உண்ட வலைஞர் குடும்பங்களை அது முதலிலே பற்றிக்கொண்டது. ஊர்ப் பூனைகள் வெறிகொண்டு சுழன்று கடலில் வீழ்ந்து மாண்டன. காகங்கள் பறக்கும்போதே தரையில் விழுந்தன. பின்னர் மனிதர்க்குக் கைகால் மரத்தது, பார்வை குழாயினூடே நோக்குவதுபோலச் சுருங்கிற்று, நா குழறியது, நடை தளர்ந்தது, கொடிய வலிப்பால் இறந்தோரும் உளர். 1956 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆலை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். வைத்தியசாலைத் தலைவர் ஹொசொக்காவா அவ்வாண்டு மே மாதம் 1 ஆந் திகதி, காரணமறியாத நரம்புநோய் ஒன்று பரவுவதாகச் சுகாதாரப் பகுதிக்கு அறிவித்தார்.

இதுவரை நிகழ்ந்ததை அறியாமையாற் போந்த விபத்தென்று கூறி அமையலாம். குற்றம் இதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

குடாவில் விடப்பட்ட கழிவின்மீது ஐயம் எழுந்தபோது, 1958 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திற் கம்பனியார் கழிவுவாயைக் குடாவிலிருந்து மினமாற்றா ஆற்றின் முகத்துக்கு மாற்றினர். நஞ்சு குறையவில்லை, இடமே மாறியது. சில மாதங்களுக்குள் ஆற்றுமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் அப்பாலுள்ள கரைகளிலும் நோய் தோன்றிற்று. நோக்கமின்றியே ஓர் ஆய்வு நடத்தப்பட்டதாயிற்று, ஆய்வுப்பொருளாயினோர் மனிதர். 1959 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் குமமோற்றோப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சேதன இரசமே காரணமென்று வெளியிட்டனர். கம்பனி அதனை மறுத்தது. அதற்குத் துணையாக, போர்முடிவிற் கடலில் எறிந்த வெடிமருந்தே காரணம் என்று இரசாயனத் தொழிலாளர் சங்கத்தின் சார்பிலன்றி, இரசாயன ஆலை உடையோரின் சங்கத்தின் சார்பில் ஒருவர் கூறினார். அழுகிய மீனிலுள்ள நஞ்சே காரணம் என்று தலைநகர்ப் பேராசிரியர் ஒருவர் கூறினார். உண்மையை மறுத்தல் வேண்டியதன்று, ஐயத்தை நிலைபெறச் செய்தலே போதும் என்னும் உபாயத்தை அதன்பின் வேறு பல தொழில்களுங் கையாண்டன. அவ்வாண்டு கார்த்திகையில் அரசினர் நியமித்த நிபுணர் குழுவொன்று சேதன இரசமே காரணம் என்று முடிவுகூறிற்று. மறுநாளே அக்குழு கலைக்கப்பட்டது.

இதனிடையே ஆலைக்குள்ளே நிகழ்ந்தது யாது? ஹொசொக்காவா வைத்தியர் அசற்றல்டிகைட்டுப் பகுதிக் கழிவுநீரையே உணவிற் கலந்து பூனையொன்றுக்கு ஊட்டிவந்தார். ஆய்வேட்டில் அது 400 ஆம் எண்ணுடைய பூனை. 1959 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் அதற்கு வலிப்புக் கண்டது. முடிவு ஆலை நிருவாகத்தினர்க்கு அறிவிக்கப்பட்டது. அவர்கள் அதனை வெளியிட்டாரல்லர்; அக்கழிவுநீரைக்கொண்டு மேலும் ஆராய்தலையும் தடுத்தனர். வைத்தியரும் பல்லாண்டு வாய் திறந்திலர். கம்பனிக்கு அறிவென ஒன்றில்லை என்பார்க்கு இப்பூனையே விடை. அறிந்தவர் இன்னார், அறிந்த மாதம் இன்னது, அறிந்தபின் வாய் மூடியவர் இன்னார் என்று பெயர் குறித்துச் சொல்லக்கூடியதாய் இருந்தது.

அவ்வாண்டு மார்கழி மாதத்துச் செயல்கள் இரண்டு. முதலாவது, கழிவுநீரைச் சுத்திசெய்யும் பொறியொன்று பெருஞ் சிறப்புடன் திறந்துவைக்கப்பட்டமை. கம்பனித் தலைவர் யோசியோக்கா, சுத்திசெய்த நீர் என்று கொடுத்த ஒரு கிண்ண நீரைக் கூடியிருந்தோர் காணப் பருகினார். நஞ்சு சுமந்த அசற்றல்டிகைட்டுக் கழிவு அப்போது அப்பொறியினூடாகச் செலுத்தப்படவில்லை என்பதும், சேதன இரசத்தை நீக்குதற்கு அப்பொறி அமைந்ததன்று என்பதும் பின்னர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டன. இரண்டாவது, 30 ஆந் திகதி நோயாளருடன் செய்த உடன்படிக்கை. அதன்படி கொடுக்கப்பட்ட பணத்திற்கு நட்டஈடு என்று பெயரில்லை. அநுதாபப் பணம் என்றே பெயர். இறந்தவர்க்கு 300,000 யென். உயிருடனிருந்த முதியோர்க்கு ஆண்டொன்றுக்கு 100,000 யென். சிறுவர்க்கு 30,000 யென். ஆலையின் கழிவே நோய்க்குக் காரணமென்று பின்னொருகால் நிறுவப்படினும் மேலும் நட்டஈடு கேட்பதில்லை என்று ஒரு வாசகம் அதிற் சேர்க்கப்பட்டது. பூனையின் முடிவைக் கையில் வைத்திருந்தவர்கள், அதனை அறியாத ஏழைகளிடம் ஆண்டிறுதியிற் பெற்ற கையொப்பம் இது.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. ஆலையின் உற்பத்தி 1960 ஆம் ஆண்டில் உச்சத்தை எட்டியது. தாயின் சூல்வித்தகம் நஞ்சைத் தடுக்கும் என்றிருந்த மருத்துவக் கொள்கை, பிறவியிலேயே நோயுற்ற குழந்தைகளைக் கண்டு 1962 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. 1965 ஆம் ஆண்டில் நீகாட்டா மாகாணத்து அகனோ ஆற்றங்கரையில் வேறொரு கம்பனியின் ஆலையால் அதே நோய் தோன்றியது. மினமாற்றாவிற் கண்ட உண்மை மறைக்கப்படாதிருப்பின் இரண்டாவது கேட்டைத் தடுத்திருக்கலாம் என்பது வெளிப்படை. 1968 ஆம் ஆண்டு மே மாதத்தில், முறை பழையதாகிவிட்டமையால், மினமாற்றா ஆலை அசற்றல்டிகைட்டு ஆக்குதலை நிறுத்திற்று. அரசினர் ஆலைக் கழிவே காரணமென்று முறைப்படி ஏற்றுக்கொண்டது அதற்குப்பின், புரட்டாதி மாதத்தில். இம்முன்பின் தற்செயலானதென்று கொள்ளுதற்குப் பெரிய நம்பிக்கை வேண்டும்.

1969 ஆம் ஆண்டில் 29 குடும்பத்தார் நீதிமன்றஞ் சென்றனர். மறு ஆண்டு, புற்றுநோயாற் படுக்கையிற் கிடந்த ஹொசொக்காவா வைத்தியர் பூனையின் செய்தியைச் சாட்சியமாக வழங்கிச் சில மாதங்களில் உயிர்நீத்தார். அதே ஆண்டு கார்த்திகையில், கம்பனிச் சட்டத்தின் வாயிலாகவே கம்பனித் தலைவரை நேரிற் காணும் உபாயமொன்றை நோயாளரும் அவர்தம் துணைவரும் மேற்கொண்டனர். ஒரு பங்கு வாங்கியவனும் பங்காளனே; பங்காளனுக்குப் பொதுக்கூட்டத்தில் இருக்கையுண்டு. ஆளுக்கொரு பங்கு வாங்கி, யாத்திரிகரின் வெள்ளாடை தரித்து, பௌத்த தோத்திரங்களை ஓதியவராய் ஒசாக்கா நகரத்து மண்டபத்தில் அவர்கள் புகுந்தனர். கூட்ட அலுவல்கள் சில நிமிடங்களில் விரைந்து முடிக்கப்பட்டன. எனினும், பெற்றோரை இழந்த பெண்ணொருத்தி அவர்தம் நினைவுப் பலகைகளைக் கையிலேந்தி மேடையேறித் தலைவரின் முன்னின்று முறையிட்டாள். அச்சமயம் தலைவர் பதவியிலிருந்தவர் முன்னையவரல்லர். அவர்க்குப் பின் வந்தவர். அறிந்து மறைத்தவர் ஓய்வுபெற்றிருந்தார். பின்வந்தவர் வசைகேட்டு நின்றார். கம்பனி அழியாது, பதவியிலிருப்போர் மாறுவர் என்பதில் அடங்கிய தீமைகளுள் இதுவும் ஒன்று.

1973 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆந் திகதி குமமோற்றோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தச் சேர்வை நோயை உண்டாக்கும் என்பதை முன்னறிய இயலவில்லை என்பது கம்பனியின் வாதம். நீதிமன்றம் அதனை ஏற்றிலது. கழிவில் என்ன உள்ளது என்பது ஐயத்திற்கு இடமாயின், மிகவுயர்ந்த அறிவுங் கருவியுங்கொண்டு ஆராய்ந்து, தீங்கின்மை தெளிவாகும்வரை ஆலையை நிறுத்திவைத்தல் இரசாயன ஆலையின் கடமை. அயலாரின் உயிரைச் சோதனைப்பொருளாக்கி அறியும் உரிமை அதற்கில்லை என்பது நீதிபதிகளின் கருத்து. 1959 ஆம் ஆண்டு உடன்படிக்கை நல்லொழுக்கத்திற்கு மாறானதென்று வறிதாக்கப்பட்டது. நோயாளர் ஒருவர்க்கு 16 இலட்சம் அன்று, 160 இலட்சம் முதல் 180 இலட்சம் யென் வரை விதிக்கப்பட்டது. யப்பானில் அதுவரை விதிக்கப்பட்ட நட்டஈடுகளுள் இதுவே பெரிது.

ஆயின், தேருக்கு விதித்த தண்டம் யாரைச் சேர்ந்தது? ஆண்டுகள் செல்லச் செல்ல நோயாளர் தொகை பெருகிற்று. கம்பனியின் கருவூலம் வற்றிற்று. கம்பனி வீழின் நட்டஈடு கொடுப்பார் இலர். ஆகவே 1978 ஆம் ஆண்டு முதல் குமமோற்றோ மாகாண அரசு கடன்பத்திரம் வெளியிட்டுப் பணந் திரட்டிக் கம்பனிக்குக் கடன் கொடுத்தது. நஞ்சூட்டப்பட்ட மாகாணமே நஞ்சூட்டியவனைத் தாங்கவேண்டிய நிலை உண்டாயிற்று. 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 2011 இல் இலாபந்தரும் தொழில்கள் யாவும் ஒரு புதிய கிளைக் கம்பனிக்கு மாற்றப்பட்டன. பழைய பெயர் நட்டஈட்டுப் பொறுப்போடு தனியே நின்றது. நட்டஈடு வேண்டியதே. அது தண்டனையாகிவிட்டது என்று எண்ணுதல் மட்டும் தவறு.

ஏறியவனை நாடிய குற்றவழக்கு 1976 ஆம் ஆண்டிலேதான் தொடுக்கப்பட்டது. முன்னாட் தலைவர் யோசியோக்காவும் முன்னாள் ஆலை முகாமையாளர் நிசிதாவும் எதிரிகள். கவனயீனத்தால் மரணமும் காயமும் விளைத்தமை குற்றச்சாட்டு. ஆற்றுமுகத்துக்குக் கழிவை மாற்றி விட்ட செயலே அதற்கு அடிப்படை. குறிக்கப்பட்டோர் எழுவர். அவருள் அறுவரைப் பொறுத்தவரை வழக்குத் தொடுக்குங் காலவெல்லை கடந்துவிட்டதென்று நீதிமன்றம் கண்டது. எஞ்சியவன் ஒருவன்: தாயின் கருவிலேயே நஞ்சேறி 1960 ஆம் ஆண்டிற் பிறந்து 1973 ஆம் ஆண்டில் இறந்த சிறுவன். நஞ்சேறியபோது அவன் ஆளாகப் பிறக்கவில்லையே, பிறவாதவனைக் கொன்றது ஆட்கொலையாகுமா என்று எதிரிகள் வாதிட்டனர். 1979 ஆம் ஆண்டில் மாவட்ட நீதிமன்றம் இருவரையுங் குற்றவாளிகளாகக் கண்டு ஈராண்டுச் சிறை விதித்து, அதனை மூவாண்டு ஒத்திவைத்தது. 1988 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. கரு தாயின் உடற்பகுதி. அதற்குச் செய்த ஊறு மனிதவுடற்கு ஊறே. அதனாற் பிறந்தபின் இறந்தமையின் குற்றம் நிறைவெய்தியது என்பது அதன் நியாயம். யப்பானியக் குற்றச் சட்டத்தைக் கற்பார் இன்றும் விவாதிக்கும் நுட்பமான தீர்ப்பு அது. ஆயினும் இருவருள் எவரும் சிறைக்குட் சென்றிலர்.

இதனைச் சிறிதென்று தள்ளுவாரும் உளர். அங்ஙனந் தள்ளுதல் பொருந்தாது. கழிவுவாயை மாற்றுவித்தவர் கம்பனி என்னும் அருவமன்று, பெயருள்ள மனிதர் என்பது அத்தீர்ப்பினால் நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறியது. இங்கிலாந்தில் அதுதானும் இயலாதுபோன ஒரு சான்றுண்டு. 1987 ஆம் ஆண்டில் முன்கதவு மூடாது புறப்பட்ட பயணிகள் கப்பலொன்று பெல்சியத்துச் சீபுறூக்குத் துறையருகே கவிழ்ந்து 193 பேர் மாண்டனர். கப்பற் கம்பனியின்மீது தொடுத்த ஆட்கொலை வழக்கு 1990 ஆம் ஆண்டில் வீழ்ந்தது. தவறு மேலிருந்து கீழ்வரை பலரிடம் சிதறிக்கிடந்தமையால், கம்பனியின் மூளையெனத் தகும் ஒருவரிடம் அது முழுமையாகக் காணப்படவில்லை என்பதே காரணம். கம்பனி பெரிதாகுந்தோறும் பொறுப்பு மெலியும் இவ்விபரீதத்தை நீக்க 2007 ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ்த் தண்டிக்கப்படுவது கம்பனி மாத்திரமே. மீண்டும் தேர்.

போபாலின் செய்தி பலரும் அறிந்ததாகலின் விரித்தல் வேண்டா. 1984 ஆம் ஆண்டு மார்கழி மாதத்து ஓரிரவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சுவாயுவின் பொருட்டு, 1989 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாய்க்கம்பனி 4,700 இலட்சம் டொலர் கொடுத்து அமைந்தது. அதன் தலைவர் அன்டர்சன் பிணையில் வெளியேறி, இந்திய நீதிமன்றத்தின்முன் மீண்டும் தோன்றாமலே 2014 ஆம் ஆண்டில் இறந்தார். இந்தியக் கிளையின் அதிகாரிகளுக்கு 2010 ஆம் ஆண்டில் ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குற்றச்சாட்டை 1996 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கவனயீன மரணமாகக் குறைத்திருந்தமையால் அதற்குமேல் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

யப்பானியர் மினமாற்றாவையும் அதுபோன்ற பிற கேடுகளையும் கண்டு 1970 ஆம் ஆண்டு மார்கழியில், சூழலை நஞ்சாக்கி மக்கள் உடல்நலத்துக்குத் தீங்கு விளைப்பதைக் குற்றமாக்கிச் சட்டஞ் செய்தனர். அதன்படி செய்தவனும் தண்டனைக்குரியன், கம்பனியுந் தண்டனைக்குரியது. இலங்கையிலும் பல சட்டங்களில் இதற்கு அணித்தான வாசகமொன்று காணப்படும். குற்றஞ் செய்தது கூட்டிணைக்கப்பட்ட குழுவாயின், அது தம் அறிவின்றி நிகழ்ந்ததென்றோ தடுத்தற்குத் தக்க முயற்சி செய்ததென்றோ நிறுவினாலன்றி, அதன் பணிப்பாளர் ஒவ்வொருவருங் குற்றவாளியாகக் கொள்ளப்படுவர் என்பது அது. நிறுவும் பாரத்தை அறியவல்லவன் தோளில் ஏற்றும் இவ்விதி, பூனையின் செய்தியை மறைத்தோர்க்கு நேரான மருந்து. ஏட்டில் இருத்தலும் வழக்கில் எடுத்தாளப்படுதலும் வேறென்பது சொல்லாமலே விளங்கும்.

சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை குறித்து உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு யாழ்ப்பாணத்தார் அறிந்தது. சுண்ணக்கற் பாறையினூடே ஊறும் நீரையே நம்பி வாழும் குடாநாட்டில், ஒரு கிணற்றிற் சேர்ந்த மாசு ஒரு கிணற்றோடு நில்லாது. 2019 ஆம் ஆண்டில் நீதிமன்றம் மாசு செய்தவனே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டை ஏற்று, மின்பிறப்பித்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. அது அடிப்படை உரிமை வழக்கு. எவர் எப்போது அறிந்தார் என்று குற்றநெறியில் ஆராய்தல் அத்தகைய வழக்கின் இயல்பன்று.

அரசின் பங்கும் ஆராயத்தக்கதே. 1959 ஆம் ஆண்டு முடிவுக்குள் காரணம் தெளிவாகியும் கழிவைத் தடுக்காது வாளாவிருந்தமையால் நாட்டரசும் மாகாண அரசும் பொறுப்புடையன என்று யப்பானிய உச்ச நீதிமன்றம் 2004 ஆம் ஆண்டிற் கூறிற்று. தவறுக்கும் தீர்ப்புக்கும் இடையே நாற்பத்துநான்கு ஆண்டுகள். காலதாமதம் வழக்காளிக்குத் தீங்கு, கம்பனிக்கு ஆதாயம். சாட்சிகள் இறப்பர், ஏடுகள் அழியும், காலவெல்லை கடக்கும். மினமாற்றா வழக்குகள் இன்னும் முடிந்தபாடில்லை. 2023 ஆம் ஆண்டு புரட்டாதியில் ஒசாக்கா மாவட்ட நீதிமன்றம், முன்னைய நிவாரணங்களிற் சேராத 128 பேரையும் நோயாளரென ஏற்று ஒவ்வொருவர்க்கும் 2,750,000 யென் வழங்குமாறு தீர்த்தது. மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் குமமோற்றோ மாவட்ட நீதிமன்றம் 144 பேரின் வழக்கைத் தள்ளிற்று. அவருட் சிலர்க்கு நோயுண்டென்று அந்நீதிமன்றமே கண்டது. அவர்தம் உரிமை காலவெல்லையாற் கழிந்ததென்பதும் அதன் தீர்ப்பே.